ஆசீருக்காக ஒரு ஜெபக் குறிப்பு

நம் சபைகளில் வாலிபம் லேசில் முடிவதில்லை. பெற்ற பிள்ளை ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்கும் வயதுக்கு வந்த பிறகும் தகப்பன் வாலிபர் சங்கத்தில்தான் இருப்பான். ஆசீரும் அப்படி ஒரு வாலிபன். மீசையில் நரை விழுந்தாயிற்று, கண்ணாடி போட்டாயிற்று, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்திலிருந்த அந்த ஊர்க் கோயிலில் வாலிபர் சங்கச் செயலரும் அவன்தான்.

அவனுடைய சாட்சி பிரசித்தம். கல்லூரி நாட்களில் குடித்துக் கெட்டது, ஒரு கன்வென்ஷன் பந்தலில் ஆண்டவர் தொட்டது, அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடாதது. அதைக் கேட்டு அழாத தாய்மார் கிடையாது. பக்கத்துச் சேகரங்களின் கோயில்களில் இருந்தெல்லாம் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

இப்போது அவனுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. பிரசங்க பீடத்தில் ஏறிப் பேச வேண்டும். அதற்காகச் செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் ஆயர் வீடான குருமனைக்குப் போய் ஆயரம்மாவிடம் வேதம் படித்தான்.

ஆயரம்மா பெயர் நவமணி. அந்தச் சேகரத்துக்கு வந்த முதல் பெண் ஆயர். வந்த புதிதில், பொம்பளை கையால் திருவிருந்து வாங்குவதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களே பிறகு முதல் வரிசையில் முழங்கால் போட்டார்கள். ஆயரம்மா இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. பேச்சு குறைவு. வாயைத் திறந்தாலோ வருகிறவர்களுக்குப் பிடித்தமானதாக இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆசீர் போனபோது அவர் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பாடத்துக்கு முந்தி ஒரு கேள்வி."

"கேளுங்க தம்பி."

"விசுவாசத்த விட்டுப் பின்மாற்றத்துல போனவன எப்படித் திருப்பிக் கொண்டாரது?"

"யாரு போனா?"

"நம்ம சீலன்தான்."

சீலன் பஜாரில் மைக்செட் கடை வைத்திருப்பவன். கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். வாசித்தவன் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக அவன் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வாலிபர் ஞாயிறு நெருங்கிவிட்டது. அன்றைக்குத்தான் ஆசீரின் முதல் பிரசங்கம். கீபோர்டு உறை போட்டபடி மூலையில் கிடந்தது.

"ஆள் விட்டுப் பாத்தேன். நானே நேர்லயும் போனேன். வேலை கெடக்குண்ணேங்கான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேங்கான். நீங்க கூப்ட்டு ஒரு சத்தம் போட்டா வருவான் அம்மா."

"எதுக்கு வர மாட்டேங்கான்?"

"கசப்புதான். கசப்பான வேர் முளைச்சிட்டு."

"யாரு நட்டா?"

ஆசீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

நடந்தது இதுதான். சீலன் ஒருநாள் ஆசீரைத் தேடி வந்தான். கூட்டத்தைக் கண்டால் நெஞ்சை அடைக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றான். டவுனில் மனநல டாக்டரைப் பார்க்கிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றான். அழுதான். போகும்போது, "அண்ணே, இது உங்களோட இருக்கட்டும்" என்றான்.

ஆசீரும் அழுதான். அதை மறைக்கக் கூடாது. அந்தக் கண்ணீர் கள்ளக் கண்ணீர் இல்லை. தம்பியை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற பாரம் அவனை அமுக்கியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்றான்.

"ஒரு ஜெபக் குறிப்பு. நம்ம சீலன் தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க. மனசு சரியில்லாம டாக்டர்ட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடுதான். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

பெயரைச் சொல்லாமல் ஜெபித்தால் ஜெபம் விலாசமில்லாத தபாலாகிவிடுமோ என்று பயந்தான் போலும். ஆண்டவருக்குச் சீலனின் வீடு தெரியாதா என்ன? ஆனால் அந்தத் தபால் ஆண்டவரிடம் போகுமுன் ஊரெல்லாம் சுற்றியது. வெள்ளிக்கிழமை அது மாத்திரையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பைத்தியமாகிவிட்டது.

"பாவம், அந்தப் பையனுக்குக் கோட்டியாம். ஜெபத்துல நெனச்சுக்கோங்க."

இப்படித்தான் ஒவ்வொரு வாயும் அடுத்த வாய்க்குக் கொடுத்தது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று வாலில் ஒட்டிவிட்டால் எதையும் சொல்லலாம். புறணி பேசிய பாவம் ஒட்டாது.

சீலனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் ஆள் அனுப்பினார்கள். கர்த்தருடைய சித்தம் இல்லை என்று தெரிகிறது என்றார்கள். சித்தத்தை அவர்களுக்கு யார் தெரிவித்தது என்று கேட்க சீலனுக்குத் தகப்பனும் இல்லை. அவனிடம் பாட்டுப் பழகிய பிள்ளைகளைத் தாய்மார் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக ஒரு ஞாயிறு வந்து வாசித்துவிட்டு, கீபோர்டுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் போனான்.

ஆசீர் இதில் பாதியைச் சொன்னான். மீதியை ஆயரம்மா முன்பே கேள்விப்பட்டிருந்தார்.

"நான் நல்லதுக்குத்தானே அம்மா சொன்னேன்? ஜெபத்துக்குத்தானே?"

ஆயரம்மா கீரையை உருவினார்.

"அவனுக்கு ஆதியிலயே ஜெப வாழ்க்கை கெடையாது அம்மா. சங்கிலி ஜெபத்துல எல்லாரும் வரிசையா ஜெபிப்போம். அவன் முறை வந்தா ஆமென்னு மட்டும் சொல்லி அடுத்தாளுக்குத் தள்ளி விட்டுருவான். அஸ்திவாரம் இல்ல. அதான் ஒரு காத்துக்கே சாஞ்சிட்டான்."

"சரி. உங்களுக்கு ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?"

ஆசீர் இதை எதிர்பார்க்கவில்லை. "பிரசங்கம் நல்லா அமையணும். மூத்தவளுக்குப் பரீட்சை வருது..."

"அது ஊருக்குத் தெரிஞ்சது. ஊருக்குத் தெரியாதது?"

ஆசீர் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் வெகுநாளாக இருந்தது. அதைச் சுமந்துகொண்டு சாட்சி சொல்லிச் சொல்லி நெஞ்சு மரத்துப்போயிருந்தது.

"போன வருசம் டவுன்ல சித்தி மகன் கல்யாணம். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு லாட்ஜ் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பழைய கூட்டாளிங்க. ஒரு வாய்னு சொல்லி..."

"ஒரு வாயா?"

"இல்ல அம்மா. எந்திரிக்க முடியாம."

"அதுக்குப் பெறகு?"

"ரெண்டு மூணு தடவ." குரல் தணிந்தது. "கல்யாணத்துக்கு மறுநா ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல சாட்சி சொன்னேன் அம்மா. ஒரு சொட்டுகூடத் தொடலன்னு சொன்னேன்."

"வீட்ல ஹெப்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. வயித்துக்குச் சரியில்லன்னு நெனச்சா."

"வீட்டுக்கு எப்படி வந்தீங்க?"

"கூட்டியாந்து விட்டாங்க. ஊர்ல உங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது அம்மா."

ஆயரம்மா முறத்தைக் கீழே வைத்தார். "உங்களுக்காக ஜெபிக்கேன்" என்றார்.

ஆசீர் வீட்டுக்குத் திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. பொதியை இறக்கி வைத்த கழுதைக்குக்கூட அத்தனை சுகம் இருக்காது. சீலன் அன்று தன்னிடம் சொல்லிவிட்டுப் போகும்போது இப்படித்தான் போயிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. உபவாச ஜெபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் பின்னால் சுவரோடு சாய்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் ஆயரம்மா எழுந்தார்.

"ஒரு ஜெபக் குறிப்பு" என்றார்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"நம்ம வாலிபர் சங்கச் செயலர் ஆசீருக்காக..."

ஆயரம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் எழுந்து ஓடவும் முடியாமல், ஆயரம்மா வாயைப் பொத்தவும் முடியாமல், பக்கத்தில் இருந்தவரின் பாட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். பெண்கள் பக்கத்தில் ஹெப்சி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஆயரம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டார். அப்புறம், "ஜெபியுங்க" என்று சொல்லி முழங்கால் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் ஒரு கதையோடு போயிருக்கும். சொல்லாமல் விட்டதால் ஆளுக்கொரு கதையாயிற்று. சர்க்கரை முற்றிவிட்டது என்றது ஒரு வீடு. கிட்னி என்றது அடுத்த வீடு. அவன் வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஏதோ விசாரணையாம், வேலைக்கே ஆபத்தாம் என்றார்கள் பஜாரில். டவுனில் ஒருத்தி இருக்கிறாளாம் என்று பேச்சு வந்தபோது பொழுது சாயவில்லை. எல்லாவற்றின் வாலிலும் அந்த ஒட்டு தவறாமல் இருந்தது, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையிலேயே ஒரு தாயார் ஜெபித்த எண்ணெயோடு வந்துவிட்டார். எங்கே தடவ வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். அவர் போனதும் இன்னொருத்தி கருப்பட்டியும் முட்டையுமாக வந்து ஹெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைங்க அப்படித்தான் தாயி, நீ மனச விட்டுராத" என்றாள்.

வந்தவர்கள் போன பிறகு ஹெப்சி கதவைச் சாத்தினாள்.

"என்கிட்ட சொல்ல முடியாதது என்னது? ஆயரம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல ஹெப்சி."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரே அழுவுது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். தெருவில் இறங்கியதும் பேச்சு நின்றது. எல்லாரும் அவனைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவன் அறிவான். சீலனைப் பார்த்து அவனும் அப்படித்தான் சிரித்திருக்கிறான். கமிட்டி உறுப்பினர் ஒருவர் பைக்கை நிறுத்தி, தோளில் கைபோட்டார்.

"தம்பி, வாலிபர் ஞாயிறுக்குப் பிரசங்கம் வேற ஆளப் பாத்துக்கலாம். நீங்க மொதல்ல உங்களப் பாருங்க. பீடம் எங்கயும் ஓடிராது."

"எனக்கு என்ன அண்ணாச்சி?"

"அதெல்லாம் நாங்க ஜெபிச்சுக்கிடுதோம்."

பஜாரில் சீலனின் கடை திறந்திருந்தது. ஆசீர் தலையைக் குனிந்துகொண்டு எட்டி நடந்தான். மூன்று மாதமாக அவனைக் கண்டு சீலன்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இன்றைக்கு இடம் மாறிவிட்டது.

"அண்ணே."

ஆசீர் நின்றான். சீலன் பிரித்துப் போட்ட ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து வாசலுக்கு வந்திருந்தான். கையில் ஸ்குரூ டிரைவர்.

"சாப்ட்டீங்களாண்ணே?"

"ம்."

சீலன் அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. "வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தான்.

ஆசீர் அங்கிருந்து நேரே குருமனைக்குப் போனான். ஆயரம்மா வாசல் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கும்பிடவும் தோன்றவில்லை அவனுக்கு.

"இப்படிச் செஞ்சுட்டீங்களே அம்மா!"

"என்ன செஞ்சேன்?"

"சபையில வச்சு என் பேரச் சொல்லிட்டீங்களே."

"பேரத்தானே சொன்னேன். நீங்க மாத்திரையவும் சேத்துல்லா சொன்னீங்க."

ஆசீர் அதைக் காதில் வாங்கவில்லை. கோபம் அவனை வேறெதையும் கேட்க விடவில்லை.

"ஊரு பூரா என்னையப் பாக்குது. வீட்ல அவ பேச மாட்டேங்கா. என் பிரசங்கத்தயும் பிடுங்கிட்டாங்க."

"உங்களுக்காக ஜெபிக்காங்க தம்பி."

"எவ ஜெபிக்கா? வெறும் வாய மெல்லுதவளுக்கு அவல் கெடச்ச கணக்கா மெல்லுதாளுவ! இதுக்குப் பேரு ஜெபமா?"

சொல்லிவிட்டான். சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஆயரம்மா குழாயை நிறுத்தினார். தென்னைமூட்டில் தண்ணீர் வற்றியது.

"நாளைக்கு நான் கோயிலுக்கு வரல" என்றான் ஆசீர்.

"சரி."

"சரியா? வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"பின்மாற்றத்துல போறவன எப்படித் திருப்பிக் கொண்டாரதுன்னு எனக்கும் தெரியல தம்பி. நீங்களும் அதத்தானே கேட்டீங்க."

ஆசீர் படியில் உட்கார்ந்துவிட்டான். கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"மிச்சத்தயும் சொல்லிருவீங்களா அம்மா?"

"வேற யாருக்காவது தெரியுமா?"

"ஊர்ல உங்களத் தவிர ஒருத்தருக்கும்..."

பாதியில் நிறுத்தினான்.

"லாட்ஜ்லருந்து வீட்டுக்குக் கூட்டியாந்து விட்டாங்கன்னீங்களே. யாரு?"

ஆசீர் படியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

"யாரு தம்பி?"

"சீலன்."

ஆயரம்மா பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அவருக்கும் இது புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

ஆசீர் தரையைப் பார்த்தபடியே சொன்னான். கல்யாணத்துக்கு மைக்செட் சீலனுடையது. மண்டபத்தில் ஆசீரைக் காணாமல் தேடி வந்திருக்கிறான். குழாயடியில் உட்காரவைத்து முகம் கழுவி, சட்டையை அலசிப் பிழிந்து மாட்டிவிட்டிருக்கிறான். பைக்கில் பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடாதபடி துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஊர்வரை கொண்டுவந்தான். பஜார் வழியாக வராமல் தேரிப் பாதையில் சுற்றி வந்தான். வாசலில் ஹெப்சி பதறியபோது, "கல்யாண வீட்டு மீனு ஒத்துக்கல அக்கா, படுத்து எந்திரிச்சா சரியாயிரும்" என்றான்.

"மறுநா நீங்க சாட்சி சொன்னப்ப அவன் எங்க இருந்தான்?"

"கீபோர்டுலதான் அம்மா. எனக்குப் பக்கத்துலதான்."

அது இப்போதுதான் ஆசீரின் கண்ணுக்கு வந்தது. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை என்று சொன்னபோது அவன் ஒரு தடவை கீபோர்டு பக்கம் திரும்பினான். சீலன் கட்டைகளின் மேல் குனிந்திருந்தான். சபையார் அல்லேலூயா சொன்னார்கள். சீலன் மெதுவாக அடுத்த பாட்டின் முதலடியை வாசிக்க ஆரம்பித்தான்.

"அத வச்சு உங்ககிட்ட எப்பவாவது பேசினானா?"

"இல்ல அம்மா."

"நிச்சயம் முறிஞ்ச பெறகு? கோட்டின்னு ஊரு சிரிச்சப்ப?"

ஆசீர் இல்லையென்று தலையை ஆட்டினான். ஒரு வார்த்தை போதும். சீலன் பஜாரில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆசீரின் சாட்சியும் சங்கமும் பீடமும் அன்றைக்கே மண்ணாகியிருக்கும். இன்று காலையில்கூட, சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டான்.

கடைசியாக ஒரு கொம்பைப் பிடிக்கப் பார்த்தான் ஆசீர். அவனுக்கு வேறு கொம்பு இல்லை.

"ஆனா அவன் எனக்காக ஒருநா ஜெபிச்சு நான் கேட்டதில்ல அம்மா. சங்கிலி ஜெபத்துலகூட ஆமென்தான் சொல்லுவான்."

ஆயரம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஜெபிச்சிருக்கான் தம்பி. அதனாலதான் செவ்வாக்கெழம நீங்களா வாயத் தொறக்குத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல."